நாற்காலிக் கக்கூஸ் வந்த வழி

என் மனைவியின் வலது முழங்காலை உடைத்தது எங்கள் வீட்டுக் கக்கூஸ்தான்.

ராயபுரத்தில் எங்களுடையது பழைய ஓட்டு வீடு. கொல்லைப்புறத்தில் இருந்த அந்தப் பீங்கானை என் அப்பாவுக்கும் முன்னால் யாரோ பதித்திருந்தார்கள். ஒரு காலத்தில் அதில் பூ வேலைப்பாடெல்லாம் இருந்ததாம். எங்கள் காலத்துக்கு ஒரு நீல இலைதான் மிச்சம். கால் வைக்கிற இரண்டு மேடையும் தேய்ந்து தேய்ந்து சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிட்டன. இடது காலைக் கொஞ்சம் முன்னால் வைத்து, வலது கையைச் சுவரில் ஊன்றி உட்கார வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் அது கைவந்த வித்தை. கல்யாணமாகி வந்த மறுநாளே என் மனைவியும் பழகிக்கொண்டாள். ஆனால் ஒருநாள் காலை மேடையே பெயர்ந்துவிட்டது. பீங்கான் நாலு துண்டாயிற்று. அவள் முழங்கால் சில்லும் போயிற்று.

பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டைப் பிரித்த டாக்டர், கால் இனி முழுசாக மடங்காது என்று சொல்லிவிட்டார். நாற்காலியில் உட்காரலாம், நடக்கலாம், வேலை செய்யலாம். குந்த மட்டும் முடியாது.

குந்த முடியாத பெண்ணுக்கு அந்தக் காலத்து ராயபுரத்தில் இடம் இல்லை. உடைந்த பீங்கானை அள்ளிப் போட்டுவிட்டு நான் தெருக்கோடியில் இருந்த கார்ப்பரேஷன் கக்கூஸுக்குப் போய் வந்தேன். அவளால் அங்கே என்ன செய்ய முடியும்? எண்ணூரில் இருந்த அவளுடைய அண்ணன் வந்து அழைத்துப் போய்விட்டார். அவர் படகு கட்டுகிற தச்சர். ஒரு முக்காலியின் நடுவில் வட்டமாக ஓட்டை போட்டு, வீட்டுக்குப் பின்னால் ஓலைத் தட்டி கட்டி, தங்கைக்கு வசதி செய்து கொடுத்தார். கடலோர மணலில் அது நடக்கும், வீட்டோடு வீடு ஒட்டிய ராயபுரத்தில் நடக்காது. "ஒங்க வூட்ல நாக்காலி கக்கூஸ் ஒண்ணு போடு மாப்ளே, அன்னிக்கே கொண்ணாந்து வுடறேன்" என்றார். சொன்னதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

எனக்கு நாற்பது வயதைத் தாண்டித்தான் கல்யாணம் நடந்தது. துறைமுகத்தில் வின்ச்சு ஓட்டுகிற வேலை எனக்கு. கப்பலின் வயிற்றிலிருந்து மூட்டைகளை மேலே இழுக்கிற இயந்திரம் அது. அந்தச் சத்தத்தில் யாரும் என்னிடம் பேச மாட்டார்கள். கீழே நிற்கிறவனுக்கு ஒரு கத்தல் போடுவதைத் தவிர நானும் யாரிடமும் பேச வேண்டியதில்லை. அதனாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அப்படிப்பட்டவனுக்கு ஒருத்தி வந்து, நான் பேசாததையெல்லாம் புரிந்துகொண்டு, இரண்டு வருஷம் பக்கத்தில் இருந்துவிட்டு, ஒரு பீங்கானால் எண்ணூருக்குப் போய்விட்டாள். வீட்டில் பானை சட்டி கூட என்னை ஒரு மாதிரி பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறி எண்ணூருக்குப் போவேன். மச்சான் நடுவில் உட்காருவார். நாங்கள் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்.

"இன்னா மாப்ளே, கக்கூஸ் ஆச்சா?"

வணக்கத்துக்குப் பதில் அவர் இதைத்தான் கேட்பார். கிளம்பும்போது மனைவி வாசல் வரை காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வருவாள். "ராவெல்லாம் பவர் ஹவுஸ் சத்தம். தூக்கமே வர்ல" என்பாள். பவர் ஹவுஸ் சத்தம் போட்டது உண்மைதான். ஆனால் அவள் சொன்னது அதைப் பற்றியில்லை என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் ராயபுரம் வரும் வரை அந்த வார்த்தையையே சப்பிக்கொண்டு வருவேன்.

வெள்ளைக்காரன் உட்காருகிற நாற்காலிக் கக்கூஸ் வேண்டும். அது எங்கே கிடைக்கும் என்பதும் எனக்குத் தெரியும். துறைமுகத்துக்கு எதிர்ச் சந்தில் கப்பல் சாமான் கடை ஒன்று இருந்தது. பழைய கப்பல்களிலிருந்து கழற்றிய விளக்கு, கண்ணாடி ஜன்னல், சங்கிலி, மேஜை எல்லாம் அங்கே மலையாகக் கிடக்கும். போய் வாயைத் திறந்து கேட்டால் போதும்.

முதல் முறை போனபோது ஒரு அம்மாள் கடையில் விளக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். கடைக்கார பாய் என்னைப் பார்த்து, "இன்னா வோணும்?" என்றார். ஒரு பெண் முன்னால் அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? கையை நீட்டினேன். கைக்கு நேராக இருந்தது ஒரு பித்தளை லாந்தர். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இரண்டாம் முறை கடையில் பெண்கள் இல்லை. ஆனால் என்னோடு வேலை செய்கிற நாலு பேர் நின்றிருந்தார்கள். தண்ணீரில் விழுந்தவர்களுக்குத் தூக்கிப் போடுகிற மிதவை வளையம் ஒன்றோடு அன்றைக்குத் திரும்பினேன். அடுத்த ஞாயிறு மச்சானிடம் இதைச் சொன்னது என் தப்புதான்.

"அது எதுக்கு மாப்ளே? கக்கூஸ்ல வுழுந்தா புடிச்சிக்கவா?"

மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அடுப்படியிலிருந்து சிரிப்புச் சத்தம் வெகுநேரம் கேட்டது. எனக்கு ரோஷம் வரவில்லை. அந்தச் சிரிப்பு என் வீட்டு அடுப்படியில் கேட்க வேண்டியது என்றுதான் தோன்றியது. திரும்பி வரும் வழியிலேயே கொருக்குப்பேட்டையில் இறங்கினேன்.

அங்கே என் தோஸ்து ஒருவன் இருந்தான். பைப் வேலை செய்கிறவன். எனக்கு எவ்வளவு கூச்சமோ அவனுக்கு அவ்வளவு தொண்டை. விஷயத்தைக் கேட்டதும், "இதுக்கா மாமு இத்தினி நாளு பேஜாரு பட்டே?" என்றான். அந்த வாரமே கொல்லையில் பழைய தரையைக் கொத்தி எடுத்து, குழாய் வாயைத் துப்புரவாக்கி, புதுப் பீங்கான் உட்காரத் தளம் போட்டு வைத்தான். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் கைவண்டியோடு என்னைக் கடைக்குக் கூட்டிப்போனான். தெருமுனையில் இருக்கும்போதே கத்தினான்.

"பாய், நாக்காலி மாதிரி குந்திகினு போற கக்கூஸ் கீதா?"

தெருவே திரும்பிப் பார்த்தது. நான் ஒரு நங்கூரச் சங்கிலிக் குவியலின் பின்னால் போய் நின்றேன்.

இருந்தது. உள்ளே வரிசையாக மூன்று இருந்தன. எங்களுக்குப் பிடித்தது பால் வெள்ளை. ஒரு கீறல் இல்லை. ஏதோ தேசத்துக் கேப்டன் உட்கார்ந்ததாக பாய் சொன்னார். என் தோஸ்து அதைத் தட்டிப் பார்த்தான். கோயில் மணி மாதிரி நாதம் வந்தது. அதற்கேற்ற தண்ணீர்த் தொட்டியும் கிடைத்தது. கைப்பிடியை அழுத்தினால் தண்ணீர் கொட்டுமாம். வண்டியில் வைக்கோலைப் பரப்பி, பீங்கானை நிறுத்தி, அதன் மேல் தொட்டியை நிமிர்த்தி வைத்துக் கயிற்றால் கட்டினோம்.

"மாமு, நீ வண்டிய இஸ்துகினு வா. நான் மேல குந்திகினு ராஜா மாதிரி வரேன்."

ராயபுரத்துத் தெருக்கள் வழியாக இதைத் திறந்தபடி இழுத்துப்போவதை நினைத்ததுமே எனக்குக் காதெல்லாம் சுட்டது. எல்லோரும் தெரிந்தவர்கள். பாயிடம் கெஞ்சி ஒரு கப்பல் படுக்கை விரிப்பை வாங்கினேன். வெள்ளை வெளேரென்று பெரிய விரிப்பு. தலையிலிருந்து கால் வரை போர்த்தி, காற்றில் பறக்காமல் இருக்கக் கழுத்து மாதிரி இருந்த இடத்தில் சணல் சுற்றி முடிச்சுப் போட்டேன். இனி யாருக்கும் தெரியாது என்று நிம்மதியானேன்.

நாங்கள் கிறிஸ்துவர்கள். எங்கள் பங்குக் கோயிலில் ஏசுவை வளர்த்த தகப்பன் சூசையப்பரின் சிலை, எங்கள் பேச்சில் சுரூபம், ஒன்று உண்டு. பழைய சுரூபம். வர்ணம் உதிர்ந்துவிட்டதால் புதுசாகத் தீட்டக் கொடுத்திருந்தார்கள். அந்த வாரம் திரும்பி வர வேண்டும். தீட்டி வருகிற சுரூபத்தைத் திறந்தபடி கொண்டுவருகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. வைக்கோல் அணை கொடுத்து, வெள்ளைத் துணி போர்த்தி, கைவண்டியில்தான் வரும். பங்குச் சாமியார் மந்திரித்த பிறகுதான் முகத்தைப் பார்க்கலாம். அதுவரைக்கும் துணிக்கு மேலேயே பூப் போட்டு, தொட்ட விரலை உதட்டில் ஒற்றி முத்தி செய்து, கூடவே கோயில் வரை நடப்பார்கள். இதெல்லாம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். முடிச்சுப் போடும்போது ஒரு நிமிஷம் கூட ஞாபகம் வரவில்லை.

இரண்டு பேருமாக வண்டியை இழுத்துக்கொண்டு கோயில் தெருவுக்குள் நுழைந்ததும் ஆப்பம் சுடுகிற அக்கா எழுந்து நின்றார். கரண்டியைக் கீழே வைத்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"சூசையப்பர் வந்துகினுகீறாரு" என்று பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்தார். அப்புறம் தலையிலிருந்த கதம்பத்தை எடுத்து வந்து போர்வையின் மேல் வைத்தார். வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒன் கையால இட்டுகினு வர்றதுக்கு குடுத்து வச்சிருக்கணும் தம்பி. ஒன் கஸ்டமெல்லாம் தீரும்."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. கதவுகள் திறந்தன. ஒருத்தி மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு வந்தாள். ஒருவர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வண்டிக்குப் பின்னால் சேர்ந்தார். பாட்டு ஆரம்பித்துவிட்டது. கைக்குழந்தையைத் தூக்கி வந்து அதன் தலையைப் போர்வையில் ஒட்ட வைத்து எடுத்தாள் ஒரு தாய்.

என் தோஸ்து எங்கள் மதம் இல்லை. அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வண்டியை இழுத்துக்கொண்டே என் பக்கம் சாய்ந்தான்.

"மாமு, ஒங்காளுங்க புது கக்கூஸ் வாங்கினா இப்படித்தான் மருவாத பண்ணுவாங்களா?"

அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டான். முகத்தில் அவ்வளவு பக்தி. எனக்குள் ஏதோ பீறிட்டது. பயமா சிரிப்பா என்று தெரியவில்லை. உதட்டைக் கடித்தேன். மூக்கு வழியாக வந்தது. தோள் குலுங்கியது. ஆப்பக்கார அக்கா என் முதுகைத் தடவிக்கொடுத்து, "அழு தம்பி, அழு. அவுரு முன்னால அழுதா தப்பில்ல" என்றார். அதைக் கேட்டதும் இன்னும் மோசமாகிவிட்டது. கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. பின்னால் வந்த இரண்டு பெண்களும் என்னைப் பார்த்து அழுதார்கள்.

சாமியாருக்கு அடுத்தபடியாகக் கோயிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வந்தார். கையில் ஜரிகைக் குடை. திருநாள் ஊர்வலத்துக்குப் பிடிக்கிற குடை அது. மூச்சு வாங்க அதை விரித்து வண்டிக்கு மேல் பிடித்தார். "இன்னும் ரெண்டு நாளாகும்னு சொன்னானே பெயிண்டர்" என்றார் என்னிடம். நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று இன்று வரை தெரியாது.

இப்படி நாங்கள் எங்கள் சந்து திரும்புகிற முனைக்கு வந்தோம். கோயில் நேராக. என் வீடு இடது பக்கம். என் தோஸ்து வண்டியை இடது பக்கம் ஒடித்தான்.

"எங்க திருப்புறே? கோயிலு நேரா கீது" என்றார் உபதேசியார்.

"வூடு இங்க கீதே சாமி."

"யாரு வூடு?"

வண்டி நின்றது. பாட்டும் நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் எதிரே ஒரு சைக்கிள் ரிக்ஷா வந்தது. அதில் மச்சான் இருந்தார். பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு என் மனைவி.

சூசையப்பர் இந்த வாரம் வருகிறார் என்று எண்ணூர் வரை சேதி போயிருக்கிறது. பார்த்துவிட்டுப் போகலாம் என்று அண்ணனை நச்சரித்துக் கிளம்பியிருக்கிறாள். நான் எதையும் சொல்லி அனுப்பவில்லை. எல்லாம் பதித்து முடித்த பிறகு போய் அழைத்து வரலாம் என்று ஆசையாக இருந்தேன்.

அவளைப் பார்த்ததும் கூட்டம் விலகி வழிவிட்டது. காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தாள். நான் வண்டியின் அந்தப் பக்கம் குடைக்குக் கீழே மறைந்திருந்தேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை. மண்டியிட முடியாத கால். அதனால் நின்றபடியே போர்வையைத் தொட்டு, விரலை முத்தி செய்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"சூசையப்பரே, எனுக்கு காலு கூட சரியாவ வாணாம். அந்த மனுசன் கடையாண்ட போயி வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்கணும். நான் என் வூட்டுக்குப் போவணும். அவுரு ஒண்டியா சாப்பிட்டுகினுகீறாரு. அத்த நெனச்சா எனுக்கு சோறு எறங்கல."

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் தெருவே அடங்கியிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

வின்ச்சு ஓடும்போது கீழே இருக்கிறவனுக்குச் சேதி சொல்ல ஒரு குரல் வேண்டியிருக்கும். அந்தக் குரலை நான் கப்பலுக்கு வெளியே எடுத்ததே இல்லை. அன்றைக்கு அதுதான் வந்தது.

"இது சூசையப்பர் இல்ல. கக்கூஸ். ஒனக்கோசரம் வாங்கினேன்."

மெழுகுவர்த்தி பிடித்திருந்தவள் அதை ஊதி அணைத்தாள். உபதேசியார் குடையை மெல்ல மெல்ல மடக்கினார். அதற்கு ரொம்ப நேரம் பிடித்தது. என் மனைவி தன் விரலைப் பார்த்தாள், போர்வையைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"எனுக்கா?"

"ம்."

"நீயே கேட்டியா கடையில?"

பொய் சொல்ல மனசு வரவில்லை. தோஸ்துவைக் காட்டினேன். "இவன் கேட்டான். இப்ப நான் சொன்னேன் இல்ல?"

அவள் உதடு கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். நின்ற இடத்திலேயே வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கால் வலிக்க வலிக்கச் சிரித்தாள். அடுத்து ஆப்பக்கார அக்கா. "அடப்பாவி, என் கதம்பத்தக் கொண்டாந்து கக்கூஸ் மேல வச்சிட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். குழந்தையை ஒட்டி எடுத்த தாய் குழந்தையின் தலையை முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே அவளும் சிரித்தாள். எல்லாவற்றையும் கடைசியாகப் புரிந்துகொண்டவன் என் தோஸ்துதான். புரிந்ததும் வண்டியின் கைப்பிடியை விட்டுவிட்டுத் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டான்.

உபதேசியார் ஒருவர்தான் சிரிக்காமல் இருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. அவர் என் மனைவியின் பக்கம் திரும்பி, "சூசையப்பரு குடும்பஸ்தன்மா. கோச்சிக்க மாட்டாரு" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "இன்னா வேடிக்க? தூக்குங்கய்யா. பொம்பள வெய்யில்ல நிக்குது" என்று அதட்டினார்.

பாடிக்கொண்டு வந்த ஆண்கள் எல்லோரும் சேர்ந்து அதைத் தூக்கினார்கள். எங்கள் சந்து குறுகல். கொல்லை வரை கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோனார்கள். என் தோஸ்து சணலை முறுக்கிக் குழாய் வாயில் செருகி, சிமெண்ட் அப்பி, பீங்கானை நிறுத்தினான். தண்ணீர்த் தொட்டியைச் சுவரில் மாட்டினான். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு கண்டிப்பாகச் சொன்னான். "சிமிட்டி காயணும். காலைல வரிக்கும் ஒருத்தரும் குந்தக்கூடாது. குந்தினா எல்லாம் அம்பேல்."

மச்சான் எழுந்தார். "அப்படீன்னா வா தங்கச்சி. எண்ணூரு போயிட்டு நாளிக்கி வரலாம்."

"நான் வர்ல."

"ராவுக்கு இன்னா பண்ணுவே?"

"ஒண்ணும் குடிக்க மாட்டேன்."

அன்றைக்கென்று பார்த்துத் தெருவில் பாதிப் பேர் அவளைப் பார்க்க வந்தார்கள். டீ கொண்டு வந்தார்கள், மோர் கொண்டு வந்தார்கள், ஒருவர் சோடா உடைத்தே கொண்டு வந்துவிட்டார். எல்லாவற்றையும் அவள் என் பக்கம் தள்ளினாள். நான் குடித்துக் குடித்து வயிறு முட்டி, கார்ப்பரேஷன் கக்கூஸுக்கு நடையாய் நடந்தேன். மச்சானும் போகவில்லை. "படகு கட்டற தச்சன் நானு. சரியா நிக்குதான்னு பாத்துட்டுதான் போவேன்" என்று வாசலில் பாயை விரித்துப் படுத்துவிட்டார். அவர் எங்களுக்கு நடுவில் இல்லாமல் நாங்கள் இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்து ஆப்பம் சாப்பிட்டோம். தண்ணீர் இல்லாமல் அவளுக்கு விக்கியது. விக்கலுக்கும் சிரித்தாள்.

விடிந்ததும் தோஸ்து வந்து சிமெண்ட்டை நகத்தால் கீறிப் பார்த்தான். தலையாட்டினான். நான் தொட்டி நிறையத் தண்ணீர் இறைத்து ஊற்றினேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த வீட்டு மதிலுக்கு மேல் வரிசையாகத் தலைகள் இருந்தன. மச்சான் அவர்களைப் பார்த்து, "இன்னா, சினிமாவா கீது? போங்க அந்தாண்ட" என்றார். சொல்லிவிட்டு அவரே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் கைப்பிடியை அழுத்துகிற சத்தம் கேட்டது. கப்பலின் அடிவயிற்றில் வெள்ளம் புகுந்த மாதிரி ஒரு இரைச்சல். மதிலுக்கு மேல் கைதட்டினார்கள். என் தோஸ்து இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தான்.

அவள் கதவைத் திறக்கவில்லை. வெட்கம் என்று எனக்குப் புரிந்தது. எனக்கே அப்படித்தான் இருந்தது. மச்சான் செருப்பை மாட்டிக்கொண்டு, "சரி, நான் பஸ்ஸுக்குப் போறேன்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அண்ணே" என்றாள் அவள் கதவுக்குப் பின்னாலிருந்து. "வர ஞாயித்துக்கெழம என் துணிமணியெல்லாம் மூட்ட கட்டிக் கொண்டாந்துடு. எதையும் வுட்டுடாதே."